கொடுக்கல் வாங்கல்: நம் கணினியும் இணையமும்



“எல்லாம்தான் இணையத்திலேயே இருக்கிறதே! கணினியில் தனியாக ஒரு மென்பொருளை நிறுவிக்கொண்டு வேலை செய்வது எதற்கு?” என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், நம் மேசைக்கணினியில் இயங்கும் நிரலும், எங்கோ தொலைவில் உள்ள வழங்கியில் இயங்கும் இணையச் செயலியும் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். கணினி வல்லுநர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளாகிய நமக்கு இதில் நேரடியான பங்கு இருக்கிறது.

எடுப்பது மட்டுமா நம் வேலை?

புக்கிட் பெலண்டோக் என்ற பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே செய்திதான் வரும். 1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்தில் தலைகாட்டி, நெகிரி செம்பிலானுக்குப் பரவிய நிப்பா நச்சுயிரிக் காய்ச்சல். போர்ட்டிக்சன் மாவட்டத்தின் இந்த வட்டாரமே அதனால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் நோய் ஓய்வதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டனர். 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. இங்குள்ள சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரே அந்த நச்சுயிரிக்கும் பெயராயிற்று.

இவை உண்மைகள், மறைக்க வேண்டியவை அல்ல. ஆனால் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுத இணையத்தைத் திறந்தால், அவளுக்குக் கிடைப்பது இந்த நோய் மட்டும்தானா? பால்மரக் காடுகள், செம்பனைக்கு மாறிய காலம், தோட்டத்துக் கோயில், பள்ளிக்கூடம், திருவிழா, இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஆகியவை எங்கே? அவை நம் பெரியவர்களின் நினைவிலும், பள்ளி அலமாரியில் உள்ள பழைய ஆண்டு மலர்களிலும், யாரோ ஒருவரின் பழைய கணினியிலும் இருக்கின்றன. இணையத்திற்குப் போகவில்லை. நாம் இணையத்திலிருந்து எடுக்கிறோம், இணையத்திற்குக் கொடுக்கவில்லை.

வியப்பு என்னவென்றால், இணையம் பிறந்தபோது இப்படி ஒருவழியாகப் பிறக்கவில்லை. 1990ஆம் ஆண்டில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவி, பக்கங்களைப் படிக்கவும் திருத்தவும் ஒருசேர வசதி கொண்டிருந்தது. 1993இல் வெளிவந்த மொசைக் உலாவி உலகெங்கும் பரவியபோது படிக்கும் பாதிதான் மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது. எழுதும் பாதியை மீட்டுக்கொடுத்தவற்றுள் முதன்மையானது, 1995இல் வார்டு கன்னிங்காம் தொடங்கிய விக்கி முறை. அம்முறையில் 2001இல் விக்கிப்பீடியாவும், 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின.

கிராணியும் பால் நிறுவையும்

ஒரு நிரலும் ஓர் இணையச் செயலியும் பேசிக்கொள்வதைத் தோட்டத்துப் பெரியவர்களுக்கு எளிதாக விளக்கலாம். பால்மரம் வெட்டியவர் வாளியைக் கொண்டுவந்து நிறுவைக்கு வைப்பார். கிராணி நிறுத்து, எடையை உரக்கச் சொல்லிப் புத்தகத்தில் எழுதுவார். வெட்டியவர் அதைக் காதால் கேட்டுக்கொண்ட பிறகுதான் நகர்வார். வாளியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டால், சம்பள நாளில் வழக்குத்தான்.

கணினியிலும் இதே ஒழுங்குதான். நிரல் ஒன்றை அனுப்புகிறது. இணையச் செயலி, “வந்தது, பதிந்துகொண்டேன், இதன் எண் இது” என்று மறுமொழி சொல்கிறது. அல்லது, “ஏற்க முடியாது, காரணம் இது” என்கிறது. அந்த மறுமொழியைப் படித்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் நிரலே நல்ல நிரல். அனுப்பிவிட்டு மறுமொழியைப் பாராத நிரல், எடையைக் கேளாமல் போன தொழிலாளியைப் போன்றது. ஒருவழிப் பாதைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டால் அது இருவழித் தொடர்பு ஆகிவிடாது. போனதும் வந்ததும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. வழக்கமான இணைய முறையில் வழங்கி தானாக முன்வந்து பேசாது. கேட்டால்தான் பதில் சொல்லும். வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தால் மட்டுமே வாய் திறக்கும் பிள்ளையைப் போல. ஆகவே, புதியது ஏதும் உண்டா என்று நிரல் இடையிடையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இருபுறமும் எப்போது வேண்டுமானாலும் பேசத் திறந்த வழி வேண்டும் என்பதற்காகவே 2011இல் வெப்சாக்கெட் என்னும் நெறிமுறை தரப்படுத்தப்பட்டது. அரட்டை, இணையவழி வகுப்பு போன்றவற்றுக்கு அது ஏற்றது. நூல்களையும் கட்டுரைகளையும் ஏற்றி இறக்கும் வேலைக்குப் பழைய கேள்வி பதில் முறையே போதும்.

முதல் தடை: எழுத்து

பேசிக்கொள்ளும் இருவருக்கும் ஒரே மொழி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தமிழுக்கு நெடுநாள் தடையாக இருந்தது இதுவே.

மலேசியத் தமிழர்களாகிய நாம் பெருமைப்படத்தக்க வரலாறு இங்கே உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் வழியாகவே நம்மில் பலர் கணினியில் தமிழ் எழுதப் பழகினோம். ஆனால் அந்நாள்களில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். இதனைச் சீர்செய்யவே தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பு உருவானது. மறு ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 1991இலேயே தமிழுக்கு இடம் தந்திருந்த ஒருங்குறி முறை, விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் அதை ஏற்ற பிறகு மெல்ல மெல்லப் பொதுமுறையாயிற்று.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘பெலண்டோக்’ என்பதில் பிள்ளைகள் எண்ணினால் ஐந்து எழுத்து: பெ, ல, ண், டோ, க். ஒருங்குறியிலோ இது ஒன்பது குறியீடுகள். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி, புள்ளியும் தனி. இணையத்தில் அனுப்பும் வழக்கமான முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். ஆக மொத்தம் 27 பைட்டுகள்.

பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்பட்டன. ‘பெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு பகரம். ஒருங்குறியில் முதலில் பகரம், பிறகு கொம்பு. அதாவது ஒலிக்கும் வரிசை. ‘டோ’ என்பது பழைய முறையில் கொம்பு, டகரம், கால் என மூன்றாக உடைந்திருக்கும். ஆகவே, 1990களில் தட்டச்சு செய்த ஆண்டு மலர்க் கட்டுரையை இன்று இணையத்தில் ஏற்ற வேண்டுமானால், இவற்றை இடம் மாற்றி இணைக்கும் மாற்றி நிரல் ஒன்று இடையில் வேண்டும். எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதாது.

ஒருங்குறிக்கு வந்த பிறகும் ஒரு நுட்பம் மிஞ்சுகிறது. ‘ோ’ என்னும் குறியை ஒரே குறியீடாகவும் அனுப்பலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் அனுப்பலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, இரண்டாக வந்ததை ஒன்றாக்கிச் சேமித்துக்கொள்ளும். நம் நிரல் 10 குறியீடுகளை அனுப்பியிருந்தாலும் திரும்பி வருபவை ஒன்பதே. இதை அறியாத நிரல், “யாரோ மாற்றிவிட்டார்கள்!” என்று எண்ணி மீண்டும் மீண்டும் திருத்தப் பார்க்கும். வந்ததையும் போனதையும் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஏறத்தாழ 2,000 நூல்கள் ஏறிய கதை

இருவழித் தொடர்பால் தமிழுக்கு விளைந்த பெரும்பயனுக்கு ஒரு சான்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டு அரசு பல அறிஞர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியுள்ளது என்பதை நாம் அறிவோம். அவற்றுள் ஏறத்தாழ 2,000 நூல்களின் மின்வருடிய படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமீடியாவுக்கு வழங்கியது. ஆனால் அவை வெறும் படங்கள். படத்தில் உள்ள சொல்லைத் தேட முடியாது; எடுத்து எழுத முடியாது. அத்தனை பக்கங்களையும் கையால் தட்டச்சு செய்வதென்றால் எத்தனை ஆண்டுகள் ஆகும்!

2015இல் கூகுள் டிரைவ் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் அச்செழுத்துகளை உணர்ந்து உரையாக்கும் வசதியைக் கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கமாக ஏற்றி, திறந்து, படியெடுத்து, விக்கிமூலத்தில் ஒட்டுவது மனிதர் பொறுமைக்கு அப்பாற்பட்டது. இங்கேதான் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் த. சீனிவாசன் பைத்தான் மொழியில் ஒரு நிரலை எழுதி, யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். அது தன்னார்வலரின் கணினியில் இயங்கும். நூலைப் பதிவிறக்கும், பக்கம் பக்கமாகப் பிரிக்கும், ஒவ்வொன்றையும் கூகுள் டிரைவுக்கு அனுப்பும், உணரப்பட்ட உரையைத் திரும்பப் பெறும், பிறகு அதனைத் தமிழ் விக்கிமூலத்தில் உரிய பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கவனியுங்கள்: இங்கே ஒரு மேசைக்கணினி நிரல் இரண்டு வெவ்வேறு இணையச் செயலிகளுக்கு நடுவே நின்று பேசுகிறது. அவற்றுள் ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. இரண்டையும் அறிந்தது அந்தச் சிறு நிரலே. “தனியாக ஒரு மென்பொருள் எதற்கு?” என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வேலை அத்துடன் முடிந்துவிடவில்லை. இயந்திரம் உணர்ந்த உரையில் ‘ள’ ‘ன’வாக இருக்கும், புள்ளி விடுபட்டிருக்கும், பத்தி குலைந்திருக்கும். ஆகவே விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு நிறம் உண்டு. மெய்ப்புப் பார்க்கப்படாதது சிவப்பு; ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள்; இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. நிரல் கொண்டுவந்து சேர்க்கும் பக்கம் சிவப்பாகவே இருக்கும். பச்சையாக்குவது மனிதக் கண். இரண்டாம் முறை பார்ப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும் என்பது எவ்வளவு நல்ல நெறி! தேர்வுத் தாள் திருத்தும் நமக்கு அதன் அருமை தெரியும்.

இருவர் ஒரே நேரத்தில் எழுதினால்?

நிரல் ஒரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருக்கிறது. அதற்குள் வேறொருவர் உலாவியில் அதே பக்கத்தைத் திருத்திச் சேமித்துவிட்டார். இப்போது நிரல் தன் பழைய படியை அனுப்பினால், அவருடைய உழைப்பு அழிந்துவிடும் அல்லவா?

இதற்கு மீடியாவிக்கி வைத்திருக்கும் ஒழுங்கு எளிமையானது. நிரல் முதலில் தன் பெயரில் உள்நுழைய வேண்டும். பிறகு ஒரு சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் எழுத முடியாது. பக்கத்தை எடுக்கும்போது, அது கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். திருத்தத்தை அனுப்பும்போது, “நான் பார்த்தது இந்த நேரத்துப் படி” என்று அதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடையில் வேறு யாரேனும் மாற்றியிருந்து, இரண்டையும் இணைக்க இயலாமற் போனால், ‘தொகுத்தல் முரண்பாடு’ என்ற மறுமொழி வரும். நிரல் புதிய படியை எடுத்து மறுபடியும் தொடங்க வேண்டும். வழங்கிக்கு வேலை மிகுதியாக இருந்தால், “சற்றுப் பொறுத்து வா” என்ற மறுமொழியும் உண்டு. நல்ல நிரல் சில விநாடிகள் காத்திருந்து மீண்டும் கேட்கும்.

பள்ளிகளிலும் நாம் இதையேதான் பார்க்கிறோம். ஓர் ஆசிரியரின் கணினியில் ஒரு பெயர்ப்பட்டியல். இணையத்தில் இன்னொரு பெயர்ப்பட்டியல். மாற்றலாகி வந்த மாணவன் ஒன்றில் இருப்பான், மற்றதில் இருக்கமாட்டான். எது புதியது என்று கேளாமல் ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றிவிட்டால், அந்தப் பிள்ளையின் பெயர் காணாமற்போகும். பெயர் காணாமற்போனால் பாடநூலும் உணவுத் திட்டமும் தாமதமாகும். எழுதுவதற்கு முன் கேள். எழுதிய பின் மறுமொழியைப் பார். நிரலுக்கு மட்டுமன்று, நமக்கும் இதுவே பாடம்.

பேராசிரியருக்கு நேர்ந்த கதி

‘புக்கிட் பெலண்டோக்’ என்று நான் எழுதுகிறேன். ‘பெலாண்டோக்’, ‘பெலண்டுக்’ என்று எழுதுவோரும் இருக்கக்கூடும். மலாயிலேயே ‘பெலண்டுக்’ என்பது அகராதிச் சொல். சருகுமான் என்று பொருள். ஊர்ப்பெயரோ பழைய எழுத்துக்கூட்டலைத் தாங்கி நிற்கிறது. ஒரே ஊர் பல எழுத்துக்கூட்டல்களில் சிதறிக் கிடந்தால், தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

இத்தகைய திருத்தங்களைச் செய்வதற்கென்றே விண்டோஸ் கணினியில் இயங்கும் ஆட்டோவிக்கிபிரவுசர் என்ற நிரல் உள்ளது. பட்டியலில் உள்ள பக்கங்களை ஒவ்வொன்றாக விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்துவரும். நாம் சொன்ன சொல்லை மாற்றும். பழையதையும் புதியதையும் அருகருகே காட்டும். நாம் ஒப்புக்கொண்டால் சேமிக்க அனுப்பும்.

காட்டிய பிறகே அனுப்ப வேண்டும் என்பது ஏன் இன்றியமையாதது? ‘பேரா’ என்று எழுதப்பட்ட மாநிலப் பெயரையெல்லாம் ‘பேராக்’ என்று மாற்றச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கண்மூடித்தனமான நிரல், ‘பேராசிரியர்’ என்ற சொல்லையும் ‘பேராக்சிரியர்’ என்று மாற்றிவிடும்! ஏற்கெனவே சரியாக இருந்த ‘பேராக்’ என்பதும் ‘பேராக்க்’ ஆகிவிடும். சொல்லின் முடிவு எது, வேற்றுமை உருபு எது என்று எழுத்துகளை மட்டும் பார்க்கும் நிரலுக்குத் தெரியாது. தமிழ் அறிந்த ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். அந்த இடம் தமிழாசிரியருக்குப் பொருத்தமான இடம் அல்லவா?

நாம் என்ன செய்யலாம்?

1. பள்ளியிலும் வீட்டிலும் உள்ள பழைய தமிழ்க் கோப்புகளைத் தேடுங்கள். பழைய எழுத்துருவில் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றிச் சேமியுங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். மாற்றத்தில் பிழை நேர்ந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

2. தோட்டத்துக் கோயில், பழைய பள்ளிக் கட்டடம், பால் நிறுவைக் கொட்டகை ஆகியவற்றை நீங்களே படம் எடுத்திருந்தால் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். படங்கள் பலவாக இருந்தால் பேட்டிபேன் என்ற மேசைக்கணினி நிரல் உதவும். படத்தின் பெயர், விளக்கம், நாள், இடம் ஆகியவற்றை ஒரு விரிதாளில் நிதானமாக நிரப்பிவிட்டு, நல்ல இணைப்புக் கிடைக்கும் இடத்தில் மொத்தமாக ஏற்றலாம். இணைப்பு மெதுவான தோட்டப்புறத்திற்கு இது மிகவும் ஏற்ற முறை.

3. மாணவர்களின் முகம், முழுப்பெயர் ஆகியவற்றை ஏற்ற வேண்டாம். அது அவர்களுடைய உரிமை.

4. ஆண்டு மலர்களை ஏற்றுவதற்கு முன் எழுதியவர்களின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. பழைய மலர்தானே என்று எண்ணிவிடக்கூடாது.

5. பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை அப்படியே விக்கிப்பீடியாவில் எழுத இயலாது. அச்சில் வந்த சான்று கேட்பார்கள். ஆகவே பள்ளி மலரிலோ ஊர் வரலாற்று நூலிலோ முதலில் அச்சேற்றுங்கள். அச்சில் வந்தது நாளை சான்றாகும்.

6. ஏற்றிய பிறகு போய்ப் பாருங்கள். சேர்ந்ததா, யாராவது திருத்தினார்களா, கேள்வி கேட்டார்களா என்று பார்த்து மறுமொழி சொல்லுங்கள். பலர் இந்த ஆறாவது படியில்தான் நின்றுவிடுகிறார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்படுகின்றன. குடும்பங்கள் பட்டணத்திற்குப் போகின்றன. டிவிசன்களுக்கு நம் முன்னோர் வைத்த தமிழ்ப் பெயர்களை அறிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். நாம் சொல்லாவிட்டால், நம் ஊரைப் பற்றி இணையம் ஏற்கெனவே அறிந்த ஒரே செய்தியைத்தான் நம் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லும். சொல்வதற்கான கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழும் அவற்றுக்குத் தெரியும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பள்ளி அலமாரியைத் திறந்து பார்க்க ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் வழியை அடுத்த பதிவில் படிப்படியாக விளக்குகிறேன்.